அத்தைக்குப் பத்து சதவீதம்

மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் பேத்தியும் நலமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இருக்கு, இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது அல்லவா?

உங்கள் மகன் போய் வருஷம் திரும்புவதற்குள் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டு வந்தது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று தெரியும். பஸ் ஏறும்போது "அங்க போய் என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டீர்கள். கிழிக்கவில்லை அத்தை, மடிக்கிறேன். பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகள். மெஷினிலிருந்து சுடச்சுட வரும். நானும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நடந்து வந்து சேர்ந்தால் ஒன்று மடிந்துவிடும். பேச்சே தேவையில்லை.

சம்பளம் இருபதாயிரம். முதல் இரண்டு மாதம் எங்கே போனதென்றே தெரியாமல் போனது. இப்போது உங்கள் பேத்தி வாயாடிக்குப் பள்ளியில் சதவீதக் கணக்கு நடக்கிறது. "அம்மா, உன் சம்பளத்தை நூறுன்னு வெச்சுக்கோ, நான் பிரிச்சுத் தர்றேன்" என்று உட்கார்ந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். வாடகை முப்பது. சாப்பாடு முப்பது. பள்ளி பத்து. பஸ் ஐந்து. கரண்டும் தண்ணீரும் ஐந்து. அவருடைய வைத்தியத்துக்கு வாங்கிய கடன் பத்து. அத்தைக்குப் பத்து.

பத்து என்றால் இரண்டாயிரம். இந்த மாதத்திலிருந்து உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறேன். மறுக்காதீர்கள். எழுதி ஒட்டியாகிவிட்டது.

உங்கள் மருமகள்


மார்ச் 20

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிறது. வலியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன.

சதவீதம் ஆறாம் வகுப்பில் வரும் பாடம். நான் ஐந்தோடு நின்றவள். அதற்காக எனக்கு நூறு தெரியாது என்று நினைத்துவிடாதே. பேக்கரிக்குக் கேக் பெட்டி மடிக்கிறேன், மறந்துவிட்டாயா? அட்டை நூறு நூறாகக் கட்டி வருகிறது. கூலியும் நூற்றுக்கு இவ்வளவு என்றுதான். நூற்றுக்கு நாலு பெட்டி கிழிந்தால் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் கிழிந்தால் கூலியில் பிடிப்பார்கள். எனக்கு இரண்டைத் தாண்டியது இல்லை. பக்கத்தில் டேப் ஒட்டுகிறவள், "அக்கா, உங்க விரலை எனக்கு ஒரு வாரம் வாடகைக்குக் குடுங்க" என்று கேட்பாள். "வாடகை நூத்துக்கு முப்பதுடி, உன் கணக்குக்குக் கட்டுப்படியாகாது" என்று நேற்றுச் சொன்னேன். விழித்தாள்.

உன் பணம் வந்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பத்தான் வங்கிக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது ஒன்று தோன்றியது. என் மகன் இருந்திருந்தால் கொடுத்திருப்பான். அப்படியானால் இது அவன் பங்கு. மருமகள் போடும் பிச்சை என்றால் எனக்கு வேண்டாம். என் மகனின் பத்து என்றால் வாங்கிக்கொள்கிறேன். எது என்று நீ எழுத வேண்டாம். நானே முடிவு செய்துகொண்டேன்.

பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வை. கணக்குப் போடுகிற தலை சூடாகும்.

உன் புருஷனின் தாய்


ஜூன் 11

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னியுங்கள்.

வாயாடி இப்போது எதைப் பார்த்தாலும் சதவீதத்தில்தான் பேசுகிறாள். "அம்மா, இன்னிக்கு நீ என்னைத் திட்டினது நேத்தைவிட இருபது சதவீதம் கம்மி. உடம்பு சரியில்லையா?" என்கிறாள். பரீட்சையில் கணக்கில் முதல். டீச்சர் அவளைக் கூப்பிட்டு, "வீட்டுல யார் சொல்லிக் குடுக்கிறாங்க?" என்று கேட்டாராம். "எங்க பாட்டி நூறு நூறா எண்ணுறவங்க" என்று சொல்லியிருக்கிறாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஹோட்டலில் ஆள் வரத்து குறைந்திருக்கிறது. மேல் மாடி இரண்டையும் பூட்டிவிட்டார்கள். மெஷின் சத்தம் இல்லாத நேரத்தில் அந்தக் கூடத்தில் நிற்கவே ஒரு மாதிரி இருக்கிறது. மற்றபடி குறை இல்லை. இந்த மாதமும் உங்களுக்கு அதே பத்துதான் போட்டிருக்கிறேன். அதில் கை வைக்க மாட்டேன். அது அவர் பங்கு என்று நீங்கள் சொன்ன பிறகு எனக்கும் அது அப்படித்தான் ஆகிவிட்டது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பஸ்ஸில் ஏறாமல் நடந்து பழகுகிறேன், நடை நல்லது என்கிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

உங்கள் மருமகள்


ஜூன் 25

மருமகளுக்கு,

வங்கியில் புத்தகத்தைப் பதிந்து வாங்கினேன். ஆயிரத்து இருநூறு என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கவுண்டரில் இருந்த பையனிடம் காட்டிக் கேட்டேன். "ஆயிரத்து இருநூறுதான்மா, மிஷின் தப்பா அடிக்காது" என்றான்.

உன் கடிதத்தில் "அதே பத்து" என்று இருக்கிறது. இரண்டாயிரம் பத்து என்றால் ஆயிரத்து இருநூறு எத்தனை? ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும். ஆறு. பத்தை ஆறாக்கிவிட்டு "அதே பத்து" என்று எழுதுகிறாய்.

எனக்கு ஆறு போதும். இரண்டு போதும். ஒன்றுமே வேண்டாம் என்றுதானே முதலில் இருந்தேன்? "அத்தை, இந்த மாதம் முடியவில்லை, ஆறுதான்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருக்கப் போகிறேன்? எங்கள் இடத்தில் தொண்ணூறு பெட்டியை அடுக்கிவிட்டு நூறு என்று சொல்கிற பெண்கள் உண்டு. எண்ண மாட்டார்கள் என்ற தைரியம். நான் எண்ணுகிறவள். பொய்க்காரி மடித்த பெட்டியை நான் தொடுவது இல்லை, பொய்க்காரி அனுப்பிய பணத்தையும் தொட மாட்டேன்.

அதுவும் என் மகனின் பங்கு என்று சொல்லிவிட்டு அதில் நாலை எடுத்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் செத்த பிறகும் அவன் பங்கு குறைகிறது.

ஆயிரத்து இருநூறையும் உன் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இனிப் போடாதே. எழுதவும் வேண்டாம். பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்.

பெயர் எழுதப் பிடிக்கவில்லை.


ஜூலை 15

அத்தைக்கு,

பணம் திரும்பி வந்து சேர்ந்தது.

நான் பொய் சொல்லவில்லை. பத்து என்று எழுதினேன், பத்துதான் போட்டேன். அதற்கு மேல் விளக்கம் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். "போய் என்னத்தக் கிழிக்கப் போற?" என்பது காதில் கேட்கிறது. பேனா நகரவில்லை.

நீங்கள் சொன்னபடி இனிப் போட மாட்டேன். எழுதவும் மாட்டேன். பிள்ளை உங்களைக் கேட்டால் பாட்டிக்குக் கண் வலி, எழுத முடியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது மட்டும் பொய்.

மருமகள்


நவம்பர் 2

அம்மா மருமகளே,

எழுத வேண்டாம் என்று சொன்னவள் நான். எழுதுகிறவளும் நான். படிக்காமல் மடித்து வைத்துவிடாதே. முழுக்கப் படி. பிறகு என்ன செய்ய வேண்டுமோ செய்.

போன வாரம் பேக்கரியில் எனக்குக் கூலி பிடித்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. புது அட்டை வந்திருக்கிறது, கனமானது. ஒரு கட்டுக்குள் மூன்று பெட்டி கிழிந்துவிட்டது. நாலு வரை கேட்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். முதலாளி கூப்பிட்டார்.

"என்னம்மா, நூத்துக்கு அஞ்சு கிழிச்சிருக்கீங்க?"

"மூணுதாங்க கிழிஞ்சுது. இதோ மூணும் இங்கதான் இருக்கு. எண்ணிப் பாருங்க."

"மூணுதான், சரி. ஆனா புது அட்டை கனம், கட்டுக்கு அறுபதுதான் வருது. அறுபதுக்கு மூணுன்னா நூத்துக்கு அஞ்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு எப்படிங்க அஞ்சாகும்? என் கை அதே கைதானே?"

அவர் சிரிக்கவில்லை, பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். "கை அதே கைதாம்மா. கட்டு சின்னதாயிடுச்சே."

திரும்பி வந்து மணைப்பலகையில் உட்கார்ந்தேன். அடுத்த அட்டையை எடுத்தேன், மடிப்பு வரவில்லை. "அக்கா, என்ன அட்டையைக் கையில வெச்சுக்கிட்டுச் சாமியாடுறீங்க?" என்றாள் டேப் ஒட்டுகிறவள். எனக்குள் கட்டு சின்னதாயிடுச்சே, கட்டு சின்னதாயிடுச்சே என்று அதுவே ஓடியது.

என் நூறு எப்போதும் நூறாகவே இருந்தது, அம்மா. கட்டைப் பிரித்து எண்ண வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. உன்னுடைய நூறு சுருங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆயிரத்து இருநூறு பத்து என்றால், நூறு எவ்வளவு? பன்னிரண்டாயிரம். மேல் மாடி இரண்டையும் பூட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைக் கதை படிப்பதுபோல் படித்துவிட்டேன். நடந்து பழகுகிறேன் என்று எழுதியிருந்தாய். உடம்புக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அடுப்புக்கு மேல் நீ ஒட்டியதை நானும் எழுதிப் பார்த்தேன். வீட்டுக்காரன் உன் சம்பளம் குறைந்தது என்று வாடகையைக் குறைப்பானா? அது ஆறாயிரமாகவே நிற்கும். பள்ளிக்கூடமும் கடன்காரனும் இரண்டிரண்டாயிரம். பஸ் ஆயிரம். கரண்டும் தண்ணீரும் ஆயிரம். கூட்டினேன். பன்னிரண்டாயிரம் வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று கீழிருந்து மேலாக ஒரு தடவை கூட்டினேன். அதே பன்னிரண்டாயிரம்.

சாப்பாடு எங்கே அம்மா? சாப்பாட்டுக்கு எத்தனை சதவீதம்? எங்கே எழுதி வைத்தாய்? அந்த இடத்தில் என் பத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். நானும் அதை ஆறு என்று சொல்லித் திருப்பி எறிந்தேன்.

அன்றைக்கு அடுப்பு மூட்டினேன், அணைத்துவிட்டேன். என் பேத்தி என்ன சாப்பிட்டாள் என்று தெரியாமல் எனக்கு இறங்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். முதல் கடிதத்திலேயே பார்த்திருக்க வேண்டியது. நூறையும் பிரித்திருக்கிறாய். வீட்டுக்காரனுக்கு, பள்ளிக்கு, பஸ்ஸுக்கு, செத்தவன் கடனுக்கு, கிழவிக்கு. உன் பேரில் ஒன்றும் இல்லை. ஒரு செருப்புக்கு, ஒரு தலைவலி மாத்திரைக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. நூறிலும் தேடினேன், நீ இல்லை. கணக்கில் முதல் வாங்குகிறவள்கூட இதைக் கேட்கவில்லையா?

சரி. இப்போது நான் போட்ட கணக்கைக் கேள். எனக்கு மாதம் ஐயாயிரம் கூலி. அறை வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. என் நூறில் ஐம்பது. உன் பன்னிரண்டாயிரத்தில் வாடகை ஆறாயிரம், அதுவும் ஐம்பது. நாம் இரண்டு பொம்பளைகள், இரண்டு கதவு, இரண்டு பூட்டு. சம்பாதிப்பதில் பாதியை அந்தப் பூட்டுகளுக்குப் படியளந்துகொண்டிருக்கிறோம். உள்ளே ஆளுக்கு ஒரு வைராக்கியத்தை வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

உன் ஊரிலும் கேக் சாப்பிடுவார்கள். பெட்டியில் போட்டுத்தான் கொடுப்பார்கள். என் கை அதே கைதான்.

கீழ் வீட்டம்மாவிடம் அறையைக் காலி செய்வதாக இன்னும் சொல்லவில்லை. உன் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்வேன். வராதீர்கள் என்று எழுதினாலும் சரி. உன்னைக் குறை சொல்ல மாட்டேன். எழுதாமல் விட்டுவிட்டாலும் புரிந்துகொள்வேன். இந்த மாதக் கூலியில் ஆயிரத்து இருநூறை உன் கணக்கில் போட்டிருக்கிறேன். அதைத் திருப்பி அனுப்பாதே. அதுவும் என் மகனின் பங்குதான், அவன் மகளுக்கு.

உன் அத்தை


நவம்பர் 12

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. முழுக்கப் படித்தேன். பிள்ளை தூங்கிய பிறகு இன்னொரு முறை படித்தேன்.

நீங்கள் போட்ட கணக்கு சரி. ஜூனில் எல்லாருக்கும் சம்பளத்தில் நாற்பது சதவீதம் குறைத்தார்கள். சம்மதம் இல்லாதவர்கள் போகலாம் என்றார்கள். நான் எங்கே போவேன்? கேண்டீனில் எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு உண்டு. ஒரு வேளையை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். மத்தியானம் அவளுக்குப் பள்ளியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பஸ்ஸை விட்டு நடந்தேன். கடன்காரரிடம் இரண்டு முறை தவணை கேட்டேன். ஒருநாள் அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதுல எனக்கு எழுபது, உனக்கு முப்பது வெச்சிருக்க. சரியாப் பிரி" என்று கரண்டியைப் பிடுங்கினாள். இப்போது அவள்தான் பிரிக்கிறாள். உங்கள் பேத்தி பட்டினி கிடக்கவில்லை. நீங்கள் அடுப்பை மூட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திருப்பி அனுப்பிய ஆயிரத்து இருநூறில்தான் அந்த மாதம் நாங்கள் இரவு சாப்பிட்டோம். கோபத்தில் வந்த பணம்தான். வயிறு அதைப் பார்க்கவில்லை.

போன வாரம் பூட்டிய மாடிகளைத் திறந்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "நாற்பது குறைச்சோம், இப்ப நாற்பது கூட்டிட்டோம். பழைய கணக்கு சரியாப் போச்சு" என்றார். எல்லாரும் கை தட்டினோம். சம்பளக் கவரைப் பிரித்தால் பதினாறாயிரத்து எண்ணூறு. ஏமாற்றிவிட்டார்களோ என்று வாயாடியிடம் காட்டினேன்.

"இல்லம்மா, அவங்க சொன்னது கரெக்ட்தான். போனது இருபதாயிரத்துல நாற்பது. வந்தது பன்னிரண்டாயிரத்துல நாற்பது. பழைய இடத்துக்கு வராது."

"அதே நாற்பதுதானேடி?"

"அதேதான். ஆனா குறைஞ்சதுக்கு மேலதானே கூட்டுறாங்க?"

உங்கள் கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. நீங்கள் என்னைப் பொய்க்காரி என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொண்டதாக அதில் எந்த இடத்திலும் இல்லை. ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எவ்வளவு தள்ளினீர்களோ அவ்வளவும் திரும்பி வந்திருக்கிறீர்கள். ஆனாலும் எனக்குள் அது பழைய இடத்துக்கு வரவில்லை, அத்தை. அந்த வார்த்தை இன்னும் குத்துகிறது. நானும் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அது உங்களைக் குத்தும். மறைத்து எழுதிப் பட்டது போதும் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்தக் குறையோடு இருந்து பார்க்கலாம்.

வாருங்கள்.

கீழ் வீட்டம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தகரப்பெட்டியைத் தூக்க வேண்டாம், நான் லீவு போட்டு வருகிறேன். இங்கே மாடிப்படி பதினான்கு. முழங்காலுக்குக் கஷ்டம்தான். நடுவில் உட்கார ஒரு திருப்பம் இருக்கிறது.

நூறில் நான் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். அதை வாயாடியிடம் கேட்டேன். "நீ சாப்பாட்டுல இருக்க, வாடகையில இருக்க, கரண்டுல இருக்க. வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா தனிப் பங்கு?" என்றாள்.

நேற்று அடுப்புக்கு மேல் புதுத் தாள் ஒட்டினோம். அதில் அத்தைக்கு என்று எதுவும் எழுதவில்லை.

உங்கள் மருமகள்